மேற்குச் சரிவின் விதைகள்

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். எழுத எனக்கு முகமில்லை. உன் விலாசம்கூட என்னிடம் இருக்கவில்லை. உன் அண்ணனின் மேஜை டிராயரில் ஒரு காலிப் பொட்டலம் கிடைத்தது. ‘மேற்குச் சரிவு விதை, மூன்றாம் பொட்டலம்’ என்று உன் கையெழுத்து. பின்பக்கம் உன் மலை வானிலை நிலையத்தின் முத்திரை. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி உன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடு போடுகிறார், எழுத்து வரவில்லை. இத்தனை நாள் உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. வீம்பு என்று நீயே சொல்லிக்கொள்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பிறகு வீட்டுக்கு அழைத்து வந்து, தோட்டம் தெரிகிற பின்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டேன். நன்றாகத்தான் தேறிவந்தார். குழைத்த சோறு அரைக் கிண்ணம் சாப்பிட்டார். தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் குறுக்கே போனால்கூடத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்றரை மாதமாகக் கவனிப்பாரற்று முளைத்துக் கிடந்த தோட்டம் அவரை உறுத்துகிறது என்று நினைத்தேன். என்னை உனக்குத் தெரியும். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்கிற அறையில் வேலை. ஒரு பொட்டு அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரம் களை பறித்தேன். பாதியில் அவர் இடது கையால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். நான் திரும்பிச் சிரித்துக் கையசைத்தேன். இன்னும் பலமாகத் தட்டினார். பேச்சில் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சத்தத்தையும் போட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, பிடுங்கியதை ஒரு கட்டாகத் தூக்கிக் காட்டி, “பாருங்க, எவ்ளோ சுத்தமாயிடுச்சு!” என்று கத்தினேன்.

அன்று மாலை கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இன்றுவரை திறக்கவில்லை. பாலைச் சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட்டுக்கொண்டிருக்கிறேன், அதிலும் பாதி வெளியே வழிகிறது.

போன வாரம் அந்தப் பொட்டலம் கையில் பட்டது. அப்போதுதான் புரிந்தது. நான் பிடுங்கியது களை இல்லை, நீ அனுப்பிய விதையின் முளை. எல்லாம் குப்பை வண்டியில் போய்விட்டது.

அதே விதை வேண்டும். என்னைத் திட்டுவாய். விதையை அனுப்பிவிட்டுத் திட்டு.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. 

என் அண்ணன் இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். அதை எனக்குச் செவ்வாய்க்கிழமை தபால் ஜீப் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பரோடு அவர் கடிதங்கள் நின்றுபோயின. மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் இங்கே அவர்மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச முடியாத மனிதர்மேல் முறுக்கிக்கொண்டு இரண்டு மாதம்! அந்தப் பாவத்தையும் என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

உடனே லீவு கேட்டேன். கூட இருந்தவர் கால் முறிந்து கீழே போய்விட்டார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மழையும் காற்றும் அளந்து சொல்ல நான் ஒருத்திதான். வயர்லெஸ்ஸில் அளவைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது, ஆனாலும் கெஞ்சினேன். மேலதிகாரி சொன்னார்: “வேற ஆள் வர்ற வரைக்கும் நகரக் கூடாதும்மா. நீங்க சொல்றதை வச்சுத்தான் கீழ அணையையே திறக்கறாங்க.” இப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

விதை கேட்கிறீர்கள். விதை என்ன, கடையில் தொங்குகிற சரமா? மேற்குச் சரிவில் அந்தப் பூ செப்டம்பரில் பூக்கும். அக்டோபரில் நெற்று வெடிக்கும். வெடித்தால் போச்சு, காற்று கொண்டுபோய்விடும். வெடிப்பதற்கு முதல்நாள், சரிவில் முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். மூன்று வருடம் பறித்தேன். இப்போது அங்கே கல்தான் இருக்கிறது.

அவர் தட்டினார், நீங்கள் கையசைத்தீர்கள். எத்தனை முறை படித்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு நீங்கள் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னதற்கு என்னை என்ன சொன்னீர்கள்? “அண்ணன் குடுத்த செல்லத்துல காட்டுச்செடி மாதிரி வளர்ந்திருக்கா.” அன்று ஒரு காட்டுச்செடியைப் பிடுங்கினீர்கள், இப்போது மிச்சத்தையும். கை நன்றாகப் பழகிவிட்டது.

விதை இல்லை.


பிப்ரவரி 19

நாத்தனாருக்கு,

நீ எழுதியதெல்லாம் சரி. ஒன்றைத் தவிர. வீட்டைவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. நீயாகப் பெட்டியை எடுத்தாய். நானும் தடுக்கவில்லை. அது தப்பு. இப்போது அதைப் பேச எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். அதை அவர் இடது கையால் பிடுங்கி எறிகிறார். இரண்டு தடவை ரத்தம் வந்துவிட்டது. டாக்டர், “கையைக் கட்டிடுங்கம்மா, வேற வழியில்ல” என்றார். மிச்சமிருக்கிற ஒரு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறேன். நான்தான் கட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்தார்.

விழுங்குகிற சக்தி தொண்டையில் நன்றாக இருக்கிறதாம். “அவருக்கு மனசில்லை. ரெண்டு மாசம் பார்ப்போம். அப்புறம் வயித்துல ஓட்டை போட்டுத்தான் ஊத்தணும். அந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்கே தெரியல” என்றார் டாக்டர். ஸ்டெரிலைசர் அறையில் அந்த ஆபரேஷனுக்கு உண்டான கத்திகளை நான்தான் கழுவி அடுக்குகிறேன். நேற்று அதில் ஒரு தட்டைக் கீழே போட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

தேடிப் பார். உன் பையில், பெட்டியில், எங்கேயாவது நாலு விதை ஒட்டிக்கொண்டிருக்காதா? உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நேரில் இருந்தால் விழுந்திருப்பேன்.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணிக்கு,

பதினொரு விதை கிடைத்தது. என் மழைக்கோட்டின் பையைப் பிரித்துத் தையலுக்குள் ஊசியால் துழாவி எடுத்தேன். கடுகில் பாதிதான் இருக்கும், தும்மினால் போய்விடும். தாளில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

விதைத் தோல் கெட்டி. உப்புத்தாளில் வைத்து விரலால் இரண்டே இரண்டு தேய்ப்பு. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும். தோட்டத்து மண்ணை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள். எரு போட வேண்டாம், உரம் வேண்டாம். இது பட்டினி கிடந்து பழகிய செடி, செழிப்பான மண் ஆகாது. மேலே விதை மறைகிற அளவு மண் போதும். தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அண்ணன் கை கட்டிக் கிடக்கிறார் என்று படித்த பிறகு மனசு கேட்கவில்லை. அக்டோபரில் அவர் எனக்கு எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

“குருவி, ரெண்டு வருஷம் கடை மாடியில தொட்டி வச்சுப் பழகிட்டேன். இந்தத் தடவை வீட்டுத் தோட்டத்துலயே விதைக்கப் போறேன். உன் அண்ணி உன்னைக் காட்டுச்செடின்னு சொன்னாளே, அந்தக் காட்டுச்செடி அவ தோட்டத்துலயே பூக்கட்டும். ‘அழகா இருக்கு, எங்க வாங்கினீங்க’ன்னு அவ வாயால கேப்பா பாரு. அன்னிக்குச் சொல்றேன் யார் அனுப்பினதுன்னு. அப்புறம் அவளே உனக்கு லெட்டர் போட்டுக் கூப்பிடுவா. பூக்கறப்போ நீ வந்து நிக்கணும்.”

அவர் வாயை மூடியது பூவுக்காக மட்டும் இல்லை, அண்ணி. விதை யாருடையது என்று தெரிந்தே நீங்கள் பிடுங்கினீர்களோ என்று நினைத்திருப்பார். இனி நீங்கள் கூப்பிடவும் மாட்டீர்கள், நான் வரவும் மாட்டேன் என்று முடிவுகட்டியிருப்பார்.

லீவு மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை.


மார்ச் 21

குருவிக்கு,

அவர் கூப்பிடுகிற பெயரில் நானும் கூப்பிடுகிறேன். பிடிக்காவிட்டால் சொல்.

நீ அனுப்பிய கடிதத்தை அவர் காதருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். “உங்க தங்கச்சி விதைன்னு எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது” என்றேன். நான் பேசியதை அவர் கேட்டாரா, நம்பினாரா, ஒன்றும் தெரியவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் இருந்தது. அது எப்போதும்தான் இருக்கிறது.

விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் மூன்று நாள் தள்ளிவிட்டேன்.

நீ சொன்னபடி தேய்த்தேன், ஊறவைத்தேன். ஆனால் எனக்கு ஒரு பயம். தோட்டத்து மண்ணில் வேறு களையும் கூடவே முளைக்கும், எது எது என்று தெரியாமல் மறுபடி ஏதாவது செய்துவிடுவேனோ என்று. அதனால் ஒரு தட்டு மண்ணை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், யாரும் பார்க்காதபோது ஸ்டெரிலைசரில் வைத்துக் கிருமி எடுத்தேன். ஒரு களை விதைகூட மிஞ்சாதபடி இரண்டு சுற்று. ஊறிய விதைகளையும் பஞ்சால் ஒற்றிக் கிருமிநாசினியில் அரை நிமிடம் நனைத்தேன். எதைக் கையில் எடுத்தாலும் அப்படிச் செய்து பழகிய கை. அந்த நேரத்தில் அது தப்பென்றே தோன்றவில்லை.

தொட்டியை அவர் கண்ணெதிரே ஜன்னல் விளிம்பில் வைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றுகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஊசியால் கிளறிப் பார்த்தேன். பதினொன்றும் கறுத்து நசநசவென்று கிடந்தன.

என் கையில் என்ன கொடுத்தாலும் செத்துப்போகிறது, குருவி. சுத்தம் சுத்தம் என்று வாழ்நாள் முழுக்கக் கழுவினேனே, அதற்குத்தானா இது? அவர் எடை நாற்பத்து நான்கு கிலோ. தூக்கி உட்காரவைக்க எனக்கு இப்போது யார் துணையும் தேவைப்படவில்லை.

நீயாவது ஏதாவது சொல்.

அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கு,

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கிருமிநாசினியா! நல்லவேளை, கொதிக்க வைக்காமல் விட்டீர்களே. கத்த வேண்டும் போலிருந்தது, வெளியே போய்க் கத்தினேன். இங்கே கேட்பதற்குக் காற்றுமானியைத் தவிர யாருமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து அழுதேன். இரண்டும் ஆகிவிட்டது, இனி உருப்படியாகப் பேசுவோம்.

ஜனவரியில் களை பறித்த பிறகு தோட்டத்து மண்ணைக் கொத்தினீர்களா? கொத்தவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. காட்டு விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது. ஒரே பொட்டலத்தில் பாதி இந்த மழைக்கு எழும், கால்வாசி அடுத்ததற்கு, மீதி இன்னும் படுத்துக்கிடக்கும். ஒரு மழை ஏமாற்றினாலும் வம்சம் அழிந்துவிடக் கூடாது என்று அதற்கு அப்படி ஒரு தந்திரம். அண்ணன் ஒரு பொட்டலம் முழுக்க விதைத்தார். நீங்கள் பிடுங்கியது முளைத்தவற்றை மட்டும்தான். முளைக்காதவை அந்த மண்ணிலேயே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். சத்தியம் செய்ய முடியாது.

தோட்டத்தில் எது முளைத்தாலும் தொடாதீர்கள். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி. பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

எது நம் செடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். நான் பார்த்ததெல்லாம் பூத்து நிற்கிற பெரிய செடிகள். முளையில் பார்த்து அடையாளம் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அது. இரண்டு இலை விட்டாலே தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

குருவி


ஏப்ரல் 19

குருவிக்கு,

எப்படிக் கேட்டேன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன், அவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பேன். இடது கைக் கட்டை அவிழ்ப்பேன். குழாயைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும் என்று. “நான் ஒவ்வொண்ணா விரல் வச்சுக் காட்டறேன். நம்ம செடின்னா தட்டுங்க. அன்னிக்குத் தட்டினீங்களே, அதே மாதிரி. இந்தத் தடவை கையசைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போவேன்.

ஒரு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு முளையாகத் தொடுவேன். தொட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் முகம் மட்டும் தெரியும். அசையாது. அடுத்த முளை. மறுபடி ஜன்னல். மழை பெய்தால் குடையோடு. அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னங்க, மோதிரத்தைத் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தோட்டம் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. நான் இருக்கிற வீடு என்று யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

பதினாறு நாள் ஒன்றும் இல்லை. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேற்று காலை வெளியே போகும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. போனேன், அவ்வளவுதான். வடக்குச் சுவரோரம் இருந்த ஒன்றின்மேல் விரலை வைத்தேன். குனிந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஜன்னலைக்கூடப் பார்க்காமல், “என்னால முடியலங்க” என்று அழுதேன்.

தட்டினார்.

முதலில் மனப்பிரமை என்று நினைத்தேன். நிமிர்ந்தேன். மறுபடி தட்டினார். உள்ளங்கையை விரித்து, மூன்று தடவை. ஓடிப்போனேன். செருப்பில் இருந்த சேறெல்லாம் அறை முழுக்க. என்னைப் பார்த்தார், குருவி. சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கை குழாய் பக்கமே போகவில்லை. கிண்ணத்தை எடுத்து வந்தேன். மூன்று கரண்டி. தானாக வாயைத் திறந்து, தானாக விழுங்கினார். இன்று காலை ஐந்து. டாக்டர் திங்கட்கிழமை தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்.

செடியைச் சுற்றி நாலு குச்சி நட்டு நூல் கட்டியிருக்கிறேன். அடியிலை ஒன்றைப் பூச்சி கடித்துத் தொங்கவிட்டிருந்தது. அதை மட்டும் எடுத்து இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இது நம் பூதானே? ஆமாம் என்று ஒரு வரி போடு. எனக்குத் தூக்கம் வரும்.

பூக்கும்போது உன்னை நான் கூப்பிட வேண்டும் என்று அவர் நினைத்தாராம். பூக்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது. இப்போதே கூப்பிடுகிறேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னித்துவிடு. நம் வீட்டுக்கு வா.

அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் இலைதான் முதலில் விழுந்தது. பிறகுதான் படித்தேன். படித்த பிறகு இலையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உங்களிடம் மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீங்கள் எதையும் மறைக்காமல் எழுதினீர்கள், நானும் மறைக்கப் போவதில்லை.

அது நம் பூ இல்லை, அண்ணி.

இலையை ஒடித்த இடத்தில் பால் வடிந்து, உங்கள் கடிதத்தில் ‘தட்டினார்’ என்ற வரிக்குப் பக்கத்தில் கறை பிடித்திருக்கிறது. மேற்குச் சரிவுச் செடியை எங்கே ஒடித்தாலும் பால் வராது. இது சாக்கடை ஓரம், சுவர் இடுக்கு, தண்டவாளம் என்று எங்கும் முளைக்கிற சாதாரணக் களை. சின்னப் பிள்ளைகள்கூடப் பார்த்தால் சொல்லிவிடும்.

உட்காருங்கள். கரண்டியைக் கீழே போடாதீர்கள். நான் சொல்வதை முழுக்கப் படியுங்கள்.

அண்ணன் ஏமாந்திருப்பாரா? அவரா? மற்ற எதை மறந்தாலும் அந்த இலையை அவருக்குத் தெரியும். பதினாறு நாள் நீங்கள் எதைத் தொட்டபோதும் தட்டாதவர் அவர். தோட்டத்தில் நம் செடி ஒன்றுகூட இல்லை என்று முதல் நாளே அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பதினேழாம் நாள் நீங்கள் ஒரு களைமேல் விரலை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதீர்கள். அவர் தட்டினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். அந்தச் செடிக்கு ஒழுங்காகத் தண்ணீர் தெளியுங்கள்.

இந்தக் கடிதம் இந்தச் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் கீழே போகும். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாற்று ஆள் வருகிறார். அதே ஜீப்பில் நான் இறங்குகிறேன். விதைக்கு அக்டோபர்வரை பொறுக்க வேண்டும். அப்போது மறுபடி மேலே போய் முழங்கால் போட்டுப் பறித்து வருவேன், இந்தத் தடவை மண்ணை நான் எடுப்பேன், நீங்கள் கிட்டேயே வரக் கூடாது.

நான் வரும்போது வாசலில் நிற்க வேண்டாம், அண்ணி. அந்த நாலு குச்சிப் பக்கம் நில்லுங்கள், அவர் பார்க்கிற இடத்தில். நான் பின்பக்கமாக வந்து, அந்தக் களையைக் குனிந்து பார்த்துவிட்டு, “அழகா இருக்கு, எங்க வாங்கினீங்க?” என்று உங்களைக் கேட்கிறேன். ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி.

குருவி